பதியாத யந்திரமும் அழிக்கும்

தெரணியகலைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றிலிருந்து உயர்தர வகுப்பில் பயிலும் மாணவர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தம் பாட்டனார் காலத்து ஒலிப்பதிவு யந்திரம் ஒன்று வீட்டில் இருக்கிறதென்றும், சுருள் நாடாவில் ஓடும் அந்த யந்திரம் முன்பு பதிந்தவற்றை நன்றாகவே பாடுகிறதென்றும், ஆனால் புதிதாக எதையும் பதிய மறுக்கிறதென்றும் எழுதி, அதற்குப் பரிகாரம் கேட்டிருந்தார். விளக்கு எரிகிறது, சுருள்கள் சுழல்கின்றன, பதிவுப் பொத்தானும் இறங்குகிறது. இருந்தும் பேசிய பேச்சு நாடாவில் ஏறவில்லை. "மூன்று முறை சோதித்துப் பார்த்தோம். மூன்று முறையும் 'உஸ்' என்ற இரைச்சல் மட்டுமே கேட்டது" என்று முடித்திருந்தார்.

இவ்விதமான கடிதம் வந்தால் நாம் முதலில் கேட்பது யந்திரத்தைப் பற்றிய கேள்வி அன்று. "எந்த நாடாவை வைத்துச் சோதித்தீர்கள்?" என்பதே நமது முதற் கேள்வி. அதற்கு வந்த பதில் நம்மைத் திடுக்கிட வைத்தது. "வீட்டில் இருந்தது ஒரே நாடா. அதைத்தான் வைத்தோம். யந்திரம்தான் பதியவில்லையே, நாடாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தோம்."

வாசகர்களே, இவ்வாரம் நாம் சொல்லவந்த விஷயம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. பதியாத யந்திரம் அழிக்கவும் செய்யாது என்பது பலரும் கொள்ளும் எண்ணம். அது தவறான எண்ணம். அத்தவறால் நேரும் நஷ்டத்தை எந்தத் தொழிலாளியாலும் பழுதுபார்க்க இயலாது.

அந்த நாடாவில் இருந்தது என்னவென்பதை முதலில் கூறிவிடுகிறோம். 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மலையகத்தில் அறியாத குடும்பம் இல்லை. நாடற்றவர்களாய் இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் அன்று முடிவாயிற்று. அம்முடிவின்படி, நம் மாணவரின் பெரியப்பா குடும்பம் 1971-இல் இந்தியா செல்ல நேர்ந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் இரவு, தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்த பாட்டனார் இந்த யந்திரத்தை முன்னால் வைத்து, வீட்டார் அனைவரையும் ஆளுக்கொரு வார்த்தை பேசச் செய்தார். மாணவரின் அப்பாயி பேசவில்லை. மறுநாள் தலைமன்னாரில் கப்பலேறவிருந்த ஆறுமாதப் பேரனை மடியில் கிடத்தி ஒரு தாலாட்டுப் பாடினார். அவ்வளவுதான் அவர் குரல். அப்பேரனை அவர் பிறகு காணவேயில்லை.

அந்தக் குழந்தை இன்று ஐம்பது வயதைக் கடந்து நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் இருக்கிறார். தாயகம் திரும்பியோருக்கு வேலை அளிக்கும் நோக்குடன் 1968-இல் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் திட்டத்தில் அவருடைய பெற்றோர் கொழுந்து பறித்தார்கள். "அப்பாயி பாடியது இன்னும் இருக்கிறதா?" என்று அவர் தொலைபேசியில் கேட்ட பிறகே பரணில் கிடந்த பெட்டி கீழே இறங்கியது. நகரத்துத் தொழிலாளி ஒருவர் பெல்ட்டுகளையும் பழுதடைந்த கண்டென்சர்களையும் மாற்றிக் கொடுத்தார். யந்திரம் பாடியது. தாயின் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் வடித்த அத்தை, "என் குரலும் இதிலே இருக்கட்டும்" என்றாராம். அவ்விருப்பத்தை நிறைவேற்றப் போய்த்தான் அந்த மூன்று சோதனைகளும் நடந்தன.

நாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவிசாவளையில் பஸ் ஏறித் தெரணியகலைக்குச் சென்றோம். ஒருபுறம் ரப்பர்க் காடு, மறுபுறம் தேயிலை மலை, இடையே சீதாவாக்கை ஆறு. அன்றும் மழை விடவில்லை. அத்தை அம்மையார் கொடுத்த சாயத்தண்ணியை அருந்தியபின், யந்திரத்தில் கிடந்த சுருளை முதலில் ஒரு முறை ஓடவிட்டுக் கேட்டோம். பாட்டின் நடுவே, ஓரிடத்தில் குரல் சட்டென்று அற்றது. ஏறக்குறைய ஐந்து விநாடி வெறும் இரைச்சல். பிறகு அடுத்த அடி தொடர்ந்தது. விநாடிக்கு 9.5 சென்றிமீற்றர் வேகத்தில் ஓடும் நாடாவில் ஐந்து விநாடி என்பது ஒரு முழம். ஒரு முழ நாடாவும் தாலாட்டில் ஓர் அடியும் போய்விட்டன. மூன்று சோதனையும் அதே இடத்தில் நடந்ததால் இழப்பு ஒரு முழத்தோடு நின்றது.

மாணவரின் முகம் வாடியது. "நாங்கள் பேசியது பதியவில்லையே ஐயா, இது மட்டும் எப்படிப் போனது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண யந்திரத்தின் வேலைமுறையைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

ஒலியைக் காந்தமாக்கிச் சேமிக்கலாம் என்பதை 1898-இல் டென்மார்க்கைச் சேர்ந்த வால்டிமார் போல்சன் உருக்குக் கம்பியில் செய்து காட்டினார். 1928-இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் புளூமர் என்பவர் கம்பிக்குப் பதிலாக இரும்புத்தூள் பூசிய காகித நாடாவைப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். 1935-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் மாக்னெட்டோபோன் யந்திரம் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வகை யந்திரங்கள் உலகெங்கும் பரவின. 1952-இல் தொடங்கி, இலங்கை வானொலி மூலம் இந்தியாவெங்கும் புகழ்பெற்ற இந்திப் பாடல் நிகழ்ச்சியான பினாகா கீத்மாலாகூட, பம்பாயில் பதிவாகி விமானத்தில் கொழும்பு வந்தே ஒலிபரப்பாயிற்று. வீடுகளுக்குள்ளும் மெல்ல மெல்ல இவை நுழைந்தன.

நாடாவின் மேலுள்ள காந்தத் துகள்கள் எளிதில் அசைந்து கொடுப்பவை அல்ல. மெல்லிய ஒலியின் மின்னோட்டம் மட்டும் பட்டால் அவை பாராமுகமாய் இருக்கும். பதிவு மங்கலாகவும் கரகரப்பாகவும் அமையும். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. காதுக்கு எட்டாத மிக விரைவான மின் அதிர்வு ஒன்றை, அதாவது விநாடிக்குச் சுமார் 40,000 முதல் 1,00,000 தடவை அதிரும் மின்னோட்டத்தை, ஒலியுடன் கலந்து அனுப்பினால் துகள்கள் இணங்கிவிடும். தேயிலை ஸ்டோரில் சல்லடையின் மேல் தூளைக் கொட்டினால் மட்டும் போதாது, சல்லடை ஆடினால்தான் தூள் இறங்கும் அல்லவா? அது போன்றதே இதுவும். 1940-இல் ஜெர்மானிய வானொலியில் பணிபுரிந்த வால்டர் வெபர் இம்முறையை மாக்னெட்டோபோனில் புகுத்திய பிறகே நாடாவின் ஒலி தெளிவு பெற்றது. இந்த அதிர்வை உண்டாக்கும் பகுதிக்கு ஆஸிலேட்டர் என்று பெயர்.

இங்கேதான் அபாயம் இருக்கிறது. அதே ஆஸிலேட்டர் மற்றொரு வேலையையும் செய்கிறது. நாடா பதிவு ஹெட்டை அடைவதற்கு முன் இன்னொரு சிறிய ஹெட்டைக் கடந்து செல்கிறது. அது அழிக்கும் ஹெட். ஆஸிலேட்டரின் பலத்த அதிர்வு அதன் வழியே பாய்ந்து, முன்பிருந்த ஒலியைத் துடைத்துப் புதிய ஒலிக்கு இடம் செய்கிறது. ஆகவே பதிவுப் பொத்தானை அழுத்தியதும் இரண்டு காரியங்கள் தனித்தனியே தொடங்குகின்றன: ஒன்று அழிப்பது, மற்றொன்று எழுதுவது. எழுதும் பாதையில் எங்கேனும் தடை ஏற்பட்டால் எழுத்து நிற்கும், அழிப்பு நிற்காது. எழுதுகோலில் மையில்லை என்பதற்காகக் கரும்பலகையைத் துடைக்கும் கை ஓய்ந்துவிடுமா?

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட கசெட்டில் பின்புறம் இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகள் இருந்ததை நடுவயது வாசகர்கள் நினைவு கூர்வர். அவற்றை உடைத்துவிட்டால் அந்தக் கசெட்டில் யாரும் மேலே பதிய முடியாது. சுருள் நாடாவுக்கு அக்காவல் இல்லை. பொத்தானை அழுத்துபவரின் எச்சரிக்கை ஒன்றே அதற்குக் காவல்.

இவ்வளவையும் மாணவருக்கு எடுத்துச் சொன்னபின், அப்பாயியின் சுருளில் எஞ்சியிருந்ததைக் கம்பி வழியாகக் கணினியில் பிரதி எடுத்தோம். பிரதியைக் கேட்டுச் சரிபார்த்த பிறகு சுருளைப் பெட்டியிலிட்டு அலுமாரியில் வைக்கச் செய்தோம். அதற்கு மேல்தான் யந்திரத்தின் பக்கம் திரும்பினோம். நாம் சென்ற வழியை அப்படியே இங்கு தருகிறோம். யந்திரம் வைத்திருக்கும் எவரும் இவ்வரிசையில் செல்லலாம்.

முதலாவது, யந்திரம் பழையதைப் பாடுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான வீட்டு யந்திரங்களில் பாடுவதற்கும் பதிவதற்கும் ஒரே ஹெட்தான். நன்றாகப் பாடுகிறதென்றால் அந்த ஹெட்டும், மோட்டாரும், அம்ப்ளிபயரின் பெரும்பகுதியும் சரியாயிருக்கின்றன என்று கொள்ளலாம். இந்த யந்திரம் நன்றாகவே பாடியது.

இரண்டாவது, அழிக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனால் போகட்டும் என்று விடத்தக்க நாடா ஒன்றை இதற்காக நாம் கையோடு கொண்டு சென்றிருந்தோம். அதில் பாட்டு நிறைந்த ஓரிடத்தில், ஒலியளவுத் திருகை முற்றாக மூடிவிட்டு, ஒரு நிமிடம் பதிவுப் பொத்தானை அழுத்தி ஓடவிட்டோம். திருப்பிக் கேட்டபோது அந்த ஒரு நிமிடப் பாட்டு மறைந்திருந்தது. ஆகவே ஆஸிலேட்டர் உயிரோடிருக்கிறது. பழைய பாட்டு அப்படியே இருந்திருந்தால் ஆஸிலேட்டர் வேலை செய்யவில்லை, அல்லது அதன் மின்னோட்டம் அழிக்கும் ஹெட்டைச் சேரவில்லை என்று பொருள். பழையதும் புதியதும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டாலும் சந்தேகம் அங்கேதான் செல்ல வேண்டும். உண்மையில் இச்சோதனையின் விடையை அப்பாயியின் நாடாவே முன்னதாகச் சொல்லிவிட்டது. அதற்குக் கொடுத்த விலைதான் பெரிது.

மூன்றாவது, ஒலி உள்ளே நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். வால்வு யந்திரங்கள் பலவற்றின் முகப்பில் பச்சை நிறமாக ஒளிரும் கண் ஒன்று உண்டு. பதிவுக்குத் தயாரான நிலையில் மைக்கில் பேசினால் அது விரிந்து சுருங்கும். முள் ஆடும் மீற்றர் வைத்த யந்திரங்களும் உண்டு. மாணவர் மைக்கில் உரக்கக் கூவினார். பச்சைக் கண் இமைக்கவே இல்லை. பிறகு மைக்கைக் கழற்றிவிட்டு, கைத்தொலைபேசியில் ஒரு பாட்டை வைத்து, யந்திரத்தின் பின்புறமுள்ள ரேடியோத் துவாரத்தில் கம்பி மூலம் இணைத்தோம். கண் உடனே துள்ளியது! அந்தப் பாட்டை ஒரு நிமிடம் பதிந்து திருப்பிக் கேட்டோம். தெளிவாகப் பதிந்திருந்தது.

யந்திரம் நிரபராதி. குற்றவாளி மைக்.

கம்பியையும் முனைகளையும் மீற்றரால் பார்த்தோம், அவை அறுபடவில்லை. மைக்கின் மூடியைத் திறந்ததும் காரணம் புலப்பட்டது. அது கிறிஸ்டல் மைக் என்னும் வகை. ரோஷல் உப்பு என்னும் படிகத்தின் சிறு தகடு அதன் இருதயம். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880-இல் பியேர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அவர்கள் ஆராய்ந்த படிகங்களில் இந்த உப்பும் ஒன்று. மலிவாகவும் வலுவான ஒலி தருவதாகவும் இருந்தமையால், அக்கால வீட்டு யந்திரங்களுடன் இவ்வகை மைக்கே பெரும்பாலும் வந்தது. ஆனால் பெயருக்கேற்ப அது உப்பு, நீரில் கரைவது. மழைக்காலத்தில் அடுப்படி உப்புச் சாடி என்னவாகிறது என்பதைத் தெரணியகலை மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அரை நூற்றாண்டு ஈரக்காற்றில் கிடந்த அந்தத் தகடு பொரிந்து வெண்மையாய்ப் பூத்திருந்தது. அதற்கு வைத்தியம் இல்லை; வேறு மைக் வாங்குவதே வழி. அப்போதும் ஒரு கவனம் வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் சாதாரண டைனமிக் மைக்கை நேரே செருகினால் ஒலி மிக மெலிந்து பதியும். இடையே அதற்குரிய சிறிய டிரான்ஸ்போர்மர் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

பச்சைக் கண் நன்றாக ஆடி, அழிப்பும் நடந்து, அப்படியும் பதியவில்லையென்றால் எங்கே தேடுவது என்று சிலர் கேட்கலாம். அப்போது சந்தேகம் அம்ப்ளிபயருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள பாதையின்மேல் விழும். பாடுவதிலிருந்து பதிவதற்கு மாற்றும் நீண்ட ஸ்விச்சின் தொடுமுனைகளில் ஆண்டுக்கணக்கில் களிம்பு ஏறியிருப்பது மிகச் சாதாரணமான குற்றம். ஆனால் அதற்காகப் பெட்டியைத் திறப்பது மாணவர்கள் செய்யத்தக்க காரியம் அன்று. வால்வு யந்திரத்துக்குள் 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரம் உண்டு. செருகியைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சர்களில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். இதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே உத்தமம்.

வேறு சில குறைகளையும் சுருக்கமாகக் கூறிவிடுகிறோம். பதிவு மங்கி, கம்பளத்துக்குப் பின்னால் பேசுவது போல் கேட்டால், முதலில் ஹெட்டில் படிந்த கபிலநிறத் தூளைச் சுத்தமான ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சினால் துடையுங்கள். இரும்பு ஆயுதம் எதையும் ஹெட்டின் அருகே கொண்டுபோகாதீர்கள். நாடாவைப் புறம் மாற்றிச் சுற்றியிருந்தாலும் ஒலி மங்கும். பழைய நாடாக்களில் பளபளப்பற்ற பக்கமே பெரும்பாலும் ஹெட்டைத் தொட வேண்டிய பக்கம். குரல் அலையலையாய் ஆடினால் நாடாவை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளையைப் பாருங்கள். பால் வெட்டும் தோட்டத்தாருக்கு ரப்பர் முதிர்ந்தால் இறுகிப் பளபளக்கும் என்பது தெரியும். இறுகிய உருளையில் நாடா வழுக்கும். 60 சுற்று மின்சாரத்துக்கென்று செய்த அமெரிக்க யந்திரத்தின் மோட்டார் நமது 50 சுற்று மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தே ஓடும். அதற்கென்று அமைந்த கப்பியை மாற்றினால் சரியாகும். நாடா கிறீச்சிட்டு ஒட்டிக்கொண்டால் பலவந்தம் செய்யாமல் உடனே நிறுத்துங்கள். அது யந்திரத்தின் குற்றமன்று, நாடாவின் நோய்.

இவ்வளவு பாடுபட்டுப் பழைய நாடாவைக் காப்பது எதற்கு என்று எண்ணுவோரும் இருக்கக்கூடும். 1914-இல் பிறந்து 1984-இல் மறைந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அத்தொண்டு இல்லாவிடில் பல பாடல்கள் சொல்லளவிலும் நின்றிரா. ஆனால் ஏட்டில் சொல்தான் தங்கும். பாடியவளின் மெட்டும், இடையே அவள் விட்ட மூச்சும், பின்னால் கேட்கும் மழையும் தங்குவது நாடாவில் மட்டுமே. தோட்டத்து வீடுகளில் இத்தகைய சுருள்கள் இன்னும் கிடக்குமாயின் அவற்றைப் பிரதி எடுத்து வையுங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேகரித்துவரும் நூலகம் நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் பேணி வருகிறது.

அன்று மாலை, வேறு மைக்கை நாமே இணைத்துக் கொடுத்தோம். அத்தை அம்மையார் புதிய நாடாவில் அதே தாலாட்டை முதலிலிருந்து கடைசிவரை பாடினார். தாயின் நாடாவில் அழிந்துபோன அந்த அடியையும் தயங்காமல் பாடினார். "அந்த ஓர் அடியை மட்டும் எடுத்து அப்பாயியின் பாட்டிலுள்ள இடைவெளியில் சேர்த்துவிடலாமா ஐயா?" என்று மாணவர் கேட்டார். வேண்டாம் என்றோம். தாயின் பாட்டு தாயின் பாட்டாகவே இருக்கட்டும். மகள் பாடியது பக்கத்தில் இருக்கட்டும். கேட்பவர் இரண்டையும் கேட்டுக்கொள்வார்.

இரண்டு வாரங்களுக்குப் பின் மாணவரிடமிருந்து மீண்டும் ஒரு கடிதம் வந்தது. இரு பிரதிகளும் கூடலூருக்குப் போய்ச் சேர்ந்தனவாம். இடையில் ஓர் அடி எப்படிப் போயிற்று என்பதையும் மறைக்காமல் அண்ணனுக்குச் சொல்லிவிட்டாராம். அவர் கோபிக்கவில்லையாம், அத்தையைத் தொலைபேசிக்கு அழைத்து, அந்த ஓர் அடியை மட்டும் மறுபடி பாடச் சொல்லிக் கேட்டாராம். அப்பாயியின் சுருள் இருக்கும் பெட்டியின்மேல், "இதை வைத்து ஒருபோதும் சோதிக்கக் கூடாது" என்று தடித்த எழுத்தில் எழுதி ஒட்டியிருப்பதாகவும் நம் மாணவர் தெரிவித்திருந்தார்.